வாயால் சொன்னார், எச்சில் தரவில்லை

உங்கள் அத்தை கல்யாணத்தில் நீங்கள் இரண்டு பேரும் பந்தியில் ஐஸ்கிரீமுக்காக அடித்துக்கொண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முன்னால் நம் வீட்டில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. பேச்சு ஆரம்பித்தாலே உங்கள் அம்மா உங்களை மாடிக்கு அனுப்பிவிடுவாள்.

பெரியவளே, போன வாரம் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அப்பா, தாத்தாவோட அப்பா யாருன்னே தெரியாதாமே? எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு சொல்லுது" என்று கேட்டாய். நான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன். உன் மேல் கோபம் இல்லை. ஆனால் கோபம். இந்த ஊர் வாய் இன்னும் ஓயவில்லையே, அடுத்த தலைமுறைக்கும் வந்துவிட்டதே என்ற கோபம். கோபத்தில் வாயால் சொன்னால் பாதிதான் வரும், அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

அந்தப் பெண் சொன்னது உண்மைதான். தாத்தாவின் அப்பா யாரென்று நமக்குத் தெரியாது.

தாத்தாவின் அம்மாவை நான் ஆயா என்று கூப்பிடுவேன். பெரிய மார்க்கெட்டில் கருவாடு விற்றவர். அதற்கு முன்னால், சின்ன வயதில், ஒரு சொல்தா வீட்டில் பாத்திரம் தேய்த்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவர் அந்த சொல்தா. அவர் வெள்ளைக்காரர் இல்லை, நம்மைப் போலக் கறுத்த மனிதர்தான். ஆயா அங்கே வேலை பார்த்த காலத்தில்தான் தாத்தா பிறந்தார். யார் என்று ஆயா யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய அண்ணன் தன் பெயரைத் தாத்தாவுக்கு இனிஷியலாகக் கொடுத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். ஆயா சொல்லாததை ஊர் சொல்லிவிட்டது. சொல்தா மகன். தெருவில் அதுதான் பெயர். மில்லில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதுதான் பெயர். ஷிப்டு மாறும்போது, "சொல்தா பையன் வந்துட்டான், எல்லாரும் சல்யூட் அடிங்கடா" என்பார்களாம். தாத்தா சிரித்துக்கொண்டே தறிக்குப் போய்விடுவாராம். மில்லை மூடுகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

அந்த சொல்தாவின் மகனைத் தெருவில் எல்லோரும் மிசியே என்பார்கள், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. சில வருஷம் பிரான்சில் இருந்துவிட்டு வந்து, நம் சாரம் பகுதியிலேயே இரண்டு தெரு தள்ளி மாடி வீடு கட்டினவர். குடும்பத்தோடு பிரெஞ்சுப் பாஸ்போர்ட். நம் தாத்தா எதிரே வந்தால் மொபெட்டை ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போவார். டீக்கடையில் ஒரு தடவை என் காதுபடவே சொன்னார்: "மில்லுக்காரன் எங்க வூட்டு ரத்தம்னு சொல்லிக்கிட்டுத் திரியறானாம். எல்லாம் பிரெஞ்சு பேப்பர் கேக்கத்தான். எங்களுக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல." தாத்தா எந்த நாளும் எதையும் யாரிடமும் கேட்டதில்லை. அன்றைக்கே நான் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். கூட இருந்தவர்கள் விடவில்லை.

இப்போது அத்தை விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் அத்தை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அங்கே கண்ணாடி மாற்ற வந்த ஒரு பையனைப் பிடித்துப்போயிற்று. அவனுக்கும் அவளைப் பிடித்தது. அவன்தான் இப்போது உங்கள் மாமா. அவன் மிசியேவின் மகன் என்று தெரிந்தபோது நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஊரில் வேறு ஆளே இல்லையா என்று கத்தினேன். "கண்ணாடி போடறதுக்கு முன்ன யாரு அப்பான்னு கேக்கணும்னு ரூல் இல்லண்ணா" என்றாள் அவள்.

நானும் தாத்தாவும் பெண் விஷயம் பேச மிசியே வீட்டுக்குப் போனோம். திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் திட்டவில்லை. நாற்காலி போட்டார், காப்பி கொடுத்தார், சிரித்தார். பிறகு தாத்தாவைப் பார்த்துச் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. ஊருக்கே தெரிஞ்ச விஷயம். நீங்களும் நானும் ஒரே ரத்தம். ஒங்க பொண்ணு என் பையனுக்குத் தங்கச்சி முறை ஆவுது. எப்படிக் கட்டி வைக்கறது, சொல்லுங்க."

உங்களுக்கு இது புரிய வேண்டும். நம்மில் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்றால் கட்டலாம். அப்பாவோடு பிறந்த அண்ணன் தம்பி பிள்ளைகள் பங்காளிகள், அவர்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. கட்ட முடியாது. மில்லுக்காரன் வீட்டுப் பெண் வேண்டாம் என்று நேராகச் சொல்ல அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதனால், ஆயுசு முழுக்க இல்லை இல்லை என்று சொன்ன ரத்தத்தை அன்றைக்கு ஒரு காப்பிக்குள் கலக்கிக் கொடுத்துவிட்டார். தம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் தாத்தா சொன்னார்: "அண்ணேன்னு கூப்பிட்டான், கேட்டியா?"

அவர் முகத்தில் கோபமே இல்லை. சின்னப் பையன் மாதிரி இருந்தது முகம். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு அத்தை அழவில்லை. "நெஜமாவே அண்ணன் முறைன்னா நான் கட்ட மாட்டேன். அது எனக்கே ஒப்பாது. ஆனா நெஜமான்னு தெரியணும். அந்தாளு வாய்ல வந்ததுக்காக நான் விட மாட்டேன்" என்றாள். பையனும் அதையேதான் சொன்னான். இனி எல்லாம் அந்த ஒரு கேள்வியில் நின்றது. சொல்தாதான் தாத்தாவின் அப்பா என்றால் கல்யாணம் இல்லை. இல்லையென்றால் உண்டு.

டி.என்.ஏ. டெஸ்டை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று செல்போனில் விளம்பரம் வருமே, அதைத் தேட ஆரம்பித்தேன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அதுதான் வேலை. ஒன்றா இரண்டா, பத்து விதம் இருந்தது. ஒரு வகை, கலர் கலராக உலக மேப் போட்டு, உங்கள் முன்னோர் எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை சதவீதம் வந்தார்கள் என்று சொல்கிறது. கூடவே வழுக்கை விழுமா, பால் செரிக்குமா என்பதும் உண்டு. என்னோடு மோல்டிங் மெஷினில் நிற்பவன் எட்டிப் பார்த்துவிட்டு, "நீ எத்தனி பர்சென்ட் பிரெஞ்சுன்னு பாருடா. பத்துக்கு மேல வந்தா சூப்பர்வைசர் ஒன்ன மிசியேன்னு கூப்புடுவாரு" என்றான். சொல்தாவே தமிழர், அதில் என்ன பிரெஞ்சு வரும்? இன்னொரு வகை, ஏற்கெனவே எச்சில் கொடுத்தவர்களோடு நம்முடையதை ஒப்பிட்டு, இவர் உங்கள் சொந்தம் என்று பட்டியல் தருவது. நம் தெருவில் யார் கொடுத்திருக்கிறார்கள்? மூன்றாவது வகை, இரண்டு ஆட்களுடையதை நேராக வைத்துப் பார்த்து உறவு உண்டா இல்லையா என்று சொல்வது. அதுதான் நமக்கு வேண்டியது. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. எந்தக் கம்பெனியும் நேராகச் சொல்வதில்லை. உங்கள் வேரைக் கண்டறியுங்கள், உங்கள் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் போட்டிருக்கிறார்கள். அப்பன் பெயர் தெரியாமல் ஒருத்தன் தேடுகிறான் என்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு மாதிரி.

அப்படித் தேடிப் பிடித்தும் முதலில் தப்பாகத்தான் செய்தேன். பெட்டி வந்தது. உள்ளே பஞ்சுக் குச்சிகளும் உறைகளும். யாருடைய கன்னத்தில் தேய்ப்பது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. கல்யாணம் யாருக்கு? அவனுக்கும் அவளுக்கும். ஜாதகம் பார்க்கப் பெண் ஜாதகமும் பையன் ஜாதகமும்தானே கொண்டுபோகிறோம்? அதே மாதிரி உங்கள் அத்தையும் அந்தப் பையனும் நம் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து கன்னத்துக்குள் குச்சியை விட்டுத் தேய்த்தார்கள். உங்கள் அம்மா நல்ல நேரம் வேறு பார்த்தாள்.

முடிவு வந்தது. உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று.

லேப்புக்குப் போன் போட்டேன். ஒரு அம்மா எடுத்தார். "சார், இவ்ளோ தள்ளின சொந்தத்த இந்த டெஸ்ட்ல புடிக்கறது கஷ்டம். அப்பாகிட்டேர்ந்து பையன், அந்தப் பையன்கிட்டேர்ந்து அவன் பையன்னு அப்படியே இறங்கற ஒண்ணு ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் இருக்கு. அதைத்தான் நீங்க பாக்கணும். பொண்ணுக்கு அது வராது. தங்கச்சிய எதுக்கு சார் எடுத்தீங்க?"

"கல்யாணம் அவங்களுக்குத்தானே மேடம்?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆர்டர் போடும்போது இதைக் கேட்க ஒரு ஆள் இல்லை, இப்போது சிரிக்க ஆள் இருக்கிறது.

சரி, ஆண்கள்தானே வேண்டும் என்று மறுபடி மிசியே வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை நாற்காலி போடவில்லை. "எங்கக்கா பாரீஸ்லேர்ந்து சொன்னா. அங்க இதெல்லாம் சும்மா பண்ணக் கூடாதாம், சட்டப்படி தப்பாம்" என்றார்.

"இது சாரம் சார்."

"நாளைக்கு இதை வச்சிக்கிட்டு நாங்களும் பிரெஞ்சுன்னு கேஸ் போட்டா? பென்ஷன்ல பங்கு கேட்டா?"

"ஒரே ரத்தம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"அது நமக்குள்ள சொன்னது" என்று கதவைச் சாத்தினார்.

நமக்குள்ளே. கல்யாணத்தை நிறுத்த வேண்டுமென்றால் நாம் அவர் ரத்தம். ஒரு பஞ்சுக் குச்சியில் எழுதித் தர வேண்டுமென்றால் நாம் யாரோ. வழியெல்லாம் நான் வாய்விட்டே திட்டிக்கொண்டு வந்தேன். ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கடைசியில் அவர் மகனே கொடுத்தான். மகனிடம் இருப்பதும் அதேதான், அவன் போதும் என்று லேப்பில் சொன்னார்கள். நம் பக்கம் தாத்தாவைக் கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே, "எனக்குத் தெரியணும்னு நான் எப்பக் கேட்டேன்? நீ வேணா குடு" என்று எழுந்து போய்விட்டார். அதனால் என் கன்னத்தில் நானே தேய்த்து அனுப்பினேன்.

முடிவு வந்தபோது கம்பெனி வாசலில் நின்றேன். செல்போனில் திறந்து பார்த்தும் நம்பிக்கை இல்லாமல் அந்த லேப் அம்மாவுக்கே போன் போட்டேன். "ஒத்துப் போகல சார். நிறைய எடத்துல வித்தியாசம். உங்க ரெண்டு பேருக்கும் அப்பா வழி வேற வேற. ஏன் வேறன்னு இது சொல்லாது, வேறன்னு மட்டும்தான் சொல்லும்" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

வீட்டில் அத்தை கைதட்டிக் குதித்தாள். உங்களுக்குக்கூட அன்றைக்குக் கோழி பிரியாணி வந்தது, ஏன் என்று தெரியாமலே சாப்பிட்டீர்கள். தாத்தாவுக்கு நான் தனியாகப் போய்ச் சொன்னேன். அவர் பின்பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவரு இல்லியா?" என்றார்.

"இல்லப்பா."

மடித்த லுங்கியைப் பிரித்து மறுபடி மடித்தார். "அந்தாளு செத்தப்ப நான் மொட்டை அடிச்சிக்கிட்டேன்டா. திருப்பதிக்கு வேண்டுதல்னு உங்கம்மாகிட்டச் சொன்னேன்."

எனக்கு அந்த மொட்டைத் தலை தெரியும். அப்போது எனக்கு உன் தம்பி வயது. அப்பாவின் தலையைத் தடவித் தடவி விளையாடியிருக்கிறேன். அப்பன் செத்தால் மகன் அடித்துக்கொள்கிற மொட்டை அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கேலி பேசிப் பேசியே இந்த ஊர் அவருக்கு ஒரு அப்பாவைக் கொடுத்திருக்கிறது. அவரும் அந்தக் கேலியை வாங்கி உள்ளே பத்திரமாக வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் பிள்ளை செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார். யாரோ ஒருத்தருக்காக. இதை நான் யாரிடம் போய்க் கேட்பது? சல்யூட் அடிக்கச் சொன்னவன் எவனும் இப்போது உயிரோடு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மிசியே மகனோடு நம் வீட்டுக்கு வந்தார். முடிவை மகன் செல்போனில் காட்டிவிட்டானாம். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"ரொம்ப சந்தோஷம். எங்க ரத்தம் இல்லன்னு ஆயிப்போச்சு. அப்ப வேற யாரு ரத்தம்? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார்.

"யாரா இருந்தா என்ன சார்? பங்காளி முறை இல்ல. அதுதானே உங்க பிரச்சனை?" என்றேன்.

"பத்திரிகை அடிக்கணுமில்ல? இன்னாரோட பேத்தின்னு போடணுமில்ல? எங்கப்பா பேரு போட்டு, பிரெஞ்சு ராணுவம்னு கீழ போடுவோம். உங்க பக்கம் இன்னா போடுவீங்க? பாத்திரம் தேய்ச்ச எடத்துல யாருக்கோ பொறந்தாருன்னா? நாலு பேரு கேட்டா நான் இன்னாங்கறது?"

தாத்தா அங்கேதான், ஜன்னல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். போன தடவை அண்ணே என்று கூப்பிட்டவர் இந்தத் தடவை அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் சொன்னேன்:

"சார், நானும் உங்க பையனும் ஒத்துப் போகலன்னுதான் அதுல போட்டிருக்கு. எந்த வீட்டுல தப்புன்னு போடல. சொல்தா எங்கப்பாவுக்கு அப்பாவாவும் இருக்கலாம். உங்களுக்கு இல்லாமலும் இருக்கலாம். சந்தேகம்னா வாங்க, இப்பவே ஒரு குச்சி தரேன்."

மிசியே என் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். பையன் என்னைப் பார்த்த பார்வையில், கல்யாணம் இனி நடக்காது என்று நினைத்தேன். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் பேசியது தாத்தா. என்னைப் பார்த்துத்தான் பேசினார். "செத்துப்போன இவங்கம்மா ஒனக்கு இன்னாடா பண்ணுச்சு? ஆ? இன்னா பண்ணுச்சு?" அவர் என்னை அடிக்கத்தான் வந்தார். நான் நின்றபடியே நின்றேன். கை பாதியில் நின்றுவிட்டது. பிறகு மிசியே பக்கம் திரும்பினார். "உங்கம்மாவச் சொன்னதும் எப்படி எரியுது பாத்தியா? எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அப்படித்தான்டா எரியுது. போ. வூட்டுக்குப் போ."

மிசியே படி இறங்கும்போது தடுமாறினார். மகன்தான் பிடித்து வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனான். திரும்பிப் பார்க்காமல் போனான்.

அதற்குப் பிறகு அத்தை என்னோடு பேசவில்லை. சாப்பாடு போடுவாள், பேச மாட்டாள். "அவரு சொன்னது உனக்குப் பொறுக்கலன்னு எனக்குத் தெரியும். ஆனா போறது என் வாழ்க்கை" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அந்த மனிதரிடம் அப்படிச் சொன்னதற்கு நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. அவர் அம்மாவை இழுத்ததற்கு வருத்தப்படுகிறேன். நான் பார்த்தறியாத ஒரு பெண்ணின் மேல், என் ஆயா மேல் இந்த ஊர் வீசிய அதே சேற்றை எடுத்து வீசியிருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் பையன் வந்தான். நான் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டி உள்ளே போய்விடுவான் என்று நினைத்தேன். நின்றான்.

"மச்சான், எங்க பாட்டியப் பத்தி இன்னொரு தடவை பேசினீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"பேச மாட்டேன்."

"எங்கப்பா உங்க ஆயாவப் பத்திப் பேசினாலும் இருக்க மாட்டேன். அவருகிட்டயும் சொல்லிட்டேன்." பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். சரிபார்க்க பிரஸ்ஸில் அடித்துக் கொடுத்த கல்யாணப் பத்திரிகை. பெண்ணின் அப்பா அம்மா பெயர் இருந்தது, பையனின் அப்பா அம்மா பெயர் இருந்தது. பேரன், பேத்தி என்ற வரியே இல்லை. இரண்டு பக்கமும் இல்லை.

"உங்கப்பா இதுக்கு ஒத்துக்கிட்டாரா?" என்றேன்.

"தாத்தா பேரு இல்லன்னா மண்டபத்துக்கே வர மாட்டேன்னு சொன்னாரு. உங்க இஷ்டம்னு சொன்னேன். ரெண்டு நாளா சாப்பிடல. இன்னிக்குக் காலைல இட்லி கேட்டாரு" என்றான். உள்ளேயிருந்து அத்தை சிரிப்புச் சத்தம் கேட்டது.

அப்படித்தான் கல்யாணம் நடந்தது. மிசியே வந்தார். வாசலில் நின்று வரவேற்க வேண்டியவர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கப்பா பேர விட்டுட்டாங்க பாருங்க" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். பெயர் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு முகூர்த்த நேரம் அவருக்குத் தெரிந்தது. தாத்தாவிடம் அன்றைக்கும் பேசவில்லை, இன்றைக்கும் பேசவில்லை. மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

நீங்கள் அத்தை வீட்டுக்குப் போனால் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறீர்கள். கூப்பிடுங்கள், முறை அதுதான். சாக்லேட் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். என் கோபத்தை உங்களுக்குச் சொத்தாக எழுதி வைக்க நான் வரவில்லை. நான் அந்த வீட்டுப் படியில் உட்கார மாட்டேன், அவ்வளவுதான்.

பெரியவளே, நாளைக்கு அந்தப் பெண் மறுபடி கேட்டால் தலையைக் குனியாதே. சண்டையும் போடாதே. "ஆமா, தெரியாது. எங்கப்பா டெஸ்ட் எடுத்துக்கூடப் பாத்தாரு, தெரியல" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அதற்கு மேலும் அவள் ஏதாவது சொன்னால் என்னிடம் வந்து சொல். நான் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.